786 இல்லாத மெயில்

786

குட்வில் எஸ்டேட், போர்ட் பிளேயர்
9 ஜனவரி 2025

பிரியமுள்ள தங்கச்சி பஸீலாவுக்குக் காக்கா அலி அக்பர் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நீயும் மாப்பிள்ளை தமீமும் சுகமாக இருப்பீர்கள். எனக்கு முழங்கால் வலி தவிர வேறு குறை இல்லை. அதுவும் படகில் ஏறி இறங்கும்போதுதான்.

போன் இருக்க, இந்த மனுஷன் எதற்குத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார் என்று நீ கேட்பாய். காரணம் இருக்கிறது. ஹஜ்ஜுக்கு விண்ணப்பித்து, நானும் ஜைனபும் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறோம் அல்லவா? டிசம்பர் முப்பதாம் தேதி ஒரு மெயில் வந்தது. தலையில் 786. அடுத்த வரி ஸலாம். பச்சை நிறத்தில் பள்ளிவாசல் படம். உங்கள் பெயர் வந்துவிட்டது, இருபத்துநான்கு மணி நேரத்தில் உறுதி செய்யாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று இருந்தது. ஜைனபைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கண் கலங்கிவிட்டது. உடனே நீல எழுத்தை அமுக்கினேன். என் மெயிலின் கடவுச்சொல்லைக் கேட்டது. கொடுத்தேன்.

மறுநாள் என் மெயில் பெட்டி என்னையே உள்ளே விடவில்லை. கடைக்குப் போகிற சாத்தம் படகில் தினமும் என்னோடு வருகிற பன்னீர்செல்வத்தைப் பிடித்தேன். மின்சார இலாகாவில் ஓய்வு பெற்றவர், கம்ப்யூட்டர் தெரிந்தவர். இரண்டு நாள் போராடி மீட்டுக் கொடுத்தார். உள்ளே போய்ப் பார்த்தால், என் பெயரில் நாற்பத்திரண்டு பேருக்கு மெயில் போயிருக்கிறது! நான் எழுதுவது போலவே தலையில் 786 போட்டு, ஸலாம் சொல்லி, ‘ஓர் உதவி வேண்டும், உடனே பதில் போடு’ என்று. பதில்கள் எல்லாம் திருடன் வைத்த வேறு முகவரிக்குப் போகும்படி செய்திருக்கிறான். யார் என்ன பதில் போட்டார்கள் என்பது அவனுக்குத்தான் தெரியும்.

முப்பது வருஷமாகப் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். ஒரு கரண்டியைக்கூடத் தட்டிப் பார்க்காமல் வாங்காதவன் நான். எனக்கு எப்படி இருக்கும் சொல்.

ஆகவே கேள். இனி என் பெயரில் மெயிலோ மெசேஜோ வந்தால் அது நான் இல்லை. உங்கள் லாங் ஐலண்டில் சிக்னல் கிடைப்பதே ஜெட்டிப் பக்கம்தான், உனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. நான் பேசினால் தாளில், என் கையெழுத்தில்.

துஆவுடன்,
அலி அக்பர்

நானும் நலம். – ஜைனப்


786

லாங் ஐலண்ட்
24 ஜனவரி 2025

அன்புக் காக்காவுக்கும் மைனிக்கும் ஸலாம். இங்கே நாங்கள் சுகம். காக்கா, முழங்காலுக்கு நான் அனுப்பிய எண்ணெயைத் தேய்க்கிறீர்களா, அல்லது அதையும் சந்தேகப்பட்டு மூடி வைத்திருக்கிறீர்களா?

உங்கள் திருடன் எங்கள் வீட்டுக்கும் வந்தான். ஜெட்டியில் இவர் போனுக்கு வந்த மெயிலுக்குப் பதில் போட்டுவிட்டார். அடுத்து வந்ததை வீட்டில் வந்து படித்துவிட்டு, “மச்சானுக்கு என்னமோ ஆபத்து பஸீலா, ஆறு நம்பர் ஒண்ணு வரும், அதை அனுப்பச் சொல்றாரு”ன்னு சட்டையைக்கூட மாட்டாமல் ஜெட்டிக்கு ஓடப் பார்த்தார். நான்தான் தடுத்தேன். மச்சான் உங்களிடம் என்றைக்காவது உதவி கேட்டிருக்கிறாரா என்று கேட்டேன். கோபித்துக்கொண்டார். ஆனால் அனுப்பவில்லை.

ஒன்று கேட்கிறேன். நாற்பத்திரண்டு பேர் என்றால் முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லாருக்குமா போயிருக்கிறது? ஜஸ்னாவுக்கும் போயிருக்குமா? கோபப்படாதீர்கள், பெயரை எழுதிவிட்டேன். உங்கள் மகள் அந்த ஈஸ்வரனைக் கல்யாணம் செய்துகொண்டு சென்னைக்குப் போய் மூன்று வருஷம் ஆகப்போகிறது. போனில் அவள் நம்பரை அடைத்தீர்கள், மெயிலையும் அடைத்தீர்கள். ஆனால் அடைத்த முகவரி புத்தகத்தில் அப்படியே கிடக்கும் என்று பள்ளிக்கூட டீச்சர் சொல்கிறார். வாப்பாவிடமிருந்து மெயில் என்று அந்தப் பிள்ளை பார்த்தால் என்ன நினைத்திருக்கும்?

சும்மாதான் கேட்கிறேன். சனிக்கிழமை மீன் வாங்க ஜெட்டிக்குப் போவேன். அன்றைக்குப் படகில் இந்தக் கடிதத்தைப் போடுகிறேன்.

தங்கை பஸீலா


786

குட்வில் எஸ்டேட்
10 பிப்ரவரி 2025

தங்கச்சி பஸீலாவுக்கு ஸலாம். சுகம், சுகமறிய ஆசை. எண்ணெய் தேய்க்கிறேன்.

அந்தப் பெயரை இனிக் கடிதத்தில் எழுதாதே. சொல்லாமல் கொள்ளாமல் போனவளுக்கு என் வீட்டுக் காகிதத்தில் இடமில்லை. அவளுக்கு மெயில் போனதா என்று நான் பார்க்கவும் இல்லை.

இப்போது உன் காக்கா பழைய ஆள் இல்லை. கடை இருக்கிற பாம்பூஃப்ளாட்டில் போலீஸ் ஒரு கூட்டம் போட்டது, சைபர் மோசடி பற்றி. இன்ஸ்பெக்டர் மைக்கில், “டரோ மத், லேகின் பரோசா பி மத் கரோ”ன்னு ஆரம்பித்தார். பயப்படாதே, ஆனால் நம்பவும் செய்யாதே. எனக்காகவே சொன்ன மாதிரி இருந்தது. ஒரு நோட்டீஸும் கொடுத்தார்கள். தெரியாத முகவரி, அவசரம், கெடு தேதி, யாரிடமும் சொல்லாதே என்பது, கூடவே ஓர் இணைப்பு. இவை இருந்தால் தொடாதே, ஸ்பேம் என்று குறித்துத் தள்ளு. நோட்டீஸைக் கடையில் குக்கர் அலமாரிக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். படகில் இப்போது எல்லாரும் என்னிடம்தான் போனை நீட்டுகிறார்கள். “பாய், இது அசலா நகலா பாருங்க.” பெங்காலிக்காரர், மலையாளி, எல்லாரும். நான் பார்த்துச் சொல்கிறேன்.

பெருமைக்குச் சொல்லவில்லை, போன ஆறாம் தேதி என்னிடமே ஒருவன் வந்தான். எந்தப் பெயரில் வந்தான் என்று நீயே புரிந்துகொள். ‘வாப்பா’ என்று தொடங்கியது. முகவரி புதிது. ஸலாம் இல்லை. 786 இல்லை. ரங்கத்துக்கு மாற்றல் ஆகி வருகிறோம், மார்ச் 24 கப்பலில் ஏறி 27 காலை ஹேடோவில் இறங்குவோம், துறைமுகத்துக்கு வருவீர்களா, வருவதாக இருந்தால் 15-ஆம் தேதிக்குள் ஒரு வரி போடுங்கள், போடாவிட்டால் நேரே ரங்கத்துக்குப் போய்விடுவோம், இனி எழுதித் தொந்தரவு செய்யமாட்டேன், உம்மாவிடம் இப்போது சொல்லவேண்டாம், ஏமாந்துபோவார்கள், கூட ஒரு படம் வைத்திருக்கிறேன், பாருங்கள். இவ்வளவுதான். முழுதாக நான் படிக்கவும் இல்லை.

பார்த்தாயா? கெடு தேதி இருக்கிறது. யாரிடமும் சொல்லாதே இருக்கிறது. தெரியாத முகவரி, இணைப்பு, எல்லாம் நோட்டீஸில் உள்ளபடியே. எல்லாவற்றுக்கும் மேலே, என் வீட்டில் பிறந்தது எதுவானாலும் 786 போடாமல் காகிதத்தில் கை வைக்காது. கடைப் பில்லில்கூட அது இல்லாமல் நான் எழுதியதில்லை. என் பெட்டியில் மூன்று நாள் புகுந்து கிடந்த திருடன் வீட்டு விஷயத்தை எல்லாம் படித்துத் தெரிந்துகொண்டுதான் எழுதியிருக்கிறான். ஆனால் அவசரத்தில் தலையைக் கோட்டைவிட்டான். தள்ளினேன் ஸ்பேமில்.

துஆவுடன்,
அலி அக்பர்

நானும் நலம். – ஜைனப்


786

லாங் ஐலண்ட்
17 பிப்ரவரி 2025

காக்காவுக்கு ஸலாம். சுகம். தபால் பைக்குக் காத்திருக்க முடியவில்லை, போர்ட் பிளேயர் போகிற படகில் டீச்சர் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

அந்த மெயிலை அழித்துவிட்டீர்களா, ஸ்பேம் பெட்டியில் இருக்கிறதா? இருந்தால் அப்படியே இருக்கட்டும், பெட்டியைக் காலி செய்யாதீர்கள். அங்கே எத்தனை நாள் கிடக்கும் என்று பன்னீர்செல்வம் அண்ணனிடம் கேளுங்கள்.

இன்னொன்று. ஹஜ் மெயிலில் 786 இருந்தது. ஸலாம் இருந்தது. அது திருடன். உங்கள் பெயரில் எங்களுக்கு வந்த மெயிலிலும் இருந்தது. அதுவும் திருடன். இருந்த இரண்டும் பொய்யாகப் போனபிறகு, இல்லாத ஒன்றை அதே காரணத்துக்காகப் பொய் என்கிறீர்களே, இது என்ன நியாயம்? திருடனுக்கு அந்த மூன்று எண்ணைப் போட எவ்வளவு நேரமாகும்? உங்களை ஏமாற்ற வருகிறவன் முதலில் அதைத்தானே போடுவான்?

மூன்று பேரும் கடல் தாண்டி வருகிறோம் என்று எழுதி ஒரு திருடனுக்கு என்ன கிடைக்கப்போகிறது? அவன் ஆறு நம்பர் கேட்கவில்லை, அட்டை நம்பர் கேட்கவில்லை. துறைமுகத்துக்கு வருவீர்களா என்று கேட்கிறான். அப்படி ஒரு திருடனை எனக்குக் காட்டுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பஸீலா


786

குட்வில் எஸ்டேட்
25 பிப்ரவரி 2025

பஸீலாவுக்கு ஸலாம்.

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். கையெழுத்து உன்னுடையதுதான், ‘ழ’வுக்கு வால் நீட்டுவது நீதான். ஆனால் ஒரு விஷயம் இடிக்கிறது.

‘மூன்று பேரும்’ என்று எழுதியிருக்கிறாய். நான் உனக்கு எழுதியது ‘வருகிறோம்’ என்று மட்டும். எத்தனை பேர் என்று அந்த மெயிலிலேயே இல்லை. மறுபடி எடுத்துப் பார்த்தேன், இல்லை. அப்படியானால் அந்த மூன்று உனக்கு எங்கிருந்து வந்தது?

உன் ஜனவரிக் கடிதத்தையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். ‘ஜஸ்னாவுக்கும் போயிருக்குமா’ என்று கேட்டிருக்கிறாய். சும்மாதான் கேட்கிறேன் என்றும் எழுதியிருக்கிறாய். என்னிடம் யாராவது சும்மாதான் கேட்கிறேன் என்றால் இப்போதெல்லாம் நான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

திருடன் உன்னிடமும் பேசுகிறானா? அவன் சொன்னதை நம்பி நீ எனக்கு எழுதுகிறாயா? அல்லது வேறு ஏதாவதா? வேறு ஏதாவது என்றால், கூடப் பிறந்தவளே என்னை மூன்று வருஷம் முட்டாளாக வைத்திருந்தாள் என்று ஆகும். இரண்டில் எது என்று எழுது. சுற்றி வளைக்காதே.

ஸ்பேம் பெட்டியில் முப்பது நாள் கிடக்குமாம். பிறகு தானாக அழிந்துவிடும், பன்னீர்செல்வம் நினைத்தாலும் எடுக்க முடியாதாம். ஆறாம் தேதி வந்ததற்கு மார்ச் எட்டு. தகவலுக்காகச் சொன்னேன்.

அலி அக்பர்

நானும் நலம். – ஜைனப்


786

லாங் ஐலண்ட்
3 மார்ச் 2025

காக்காவுக்கும் மைனிக்கும் ஸலாம். நோன்பு பிறந்துவிட்டது. இரண்டாம் நோன்பில் உட்கார்ந்து பொய் எழுத எனக்குத் தைரியம் இல்லை. இவர் நாளைப் படகில் வருகிறார், இதை உங்கள் கையிலேயே கொடுப்பார்.

ஆமாம். நான் மூன்று வருஷமாக ஜஸ்னாவோடு பேசுகிறேன். சனிக்கிழமைதோறும் மீன் வாங்கப் போகிறேன் என்று ஜெட்டிக்குப் போய், சிக்னல் கிடைக்கும் இடத்தில் நின்று பேசுகிறேன். ஒரு கிலோ மீனுக்கு ஒரு மணி நேரமா என்று இவர் கேட்பார். இவருக்கும் இன்றுதான் சொன்னேன். உங்களை முட்டாளாக்கவில்லை காக்கா. அந்தப் பிள்ளை ஒரேயடியாக அறுந்துபோய்விடக் கூடாது என்று ஒரு நூலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தப்பு என்றால் தப்புதான்.

மூன்றாவது ஆள் ஒரு பெண் குழந்தை. பெயர் இனியா. பதிமூன்று மாதம் ஆகிறது. நீங்கள் திறக்கவேண்டாம் என்று தள்ளி வைத்திருக்கும் இணைப்பு அந்தக் குழந்தையின் படம்.

இன்னும் ஒன்று இருக்கிறது, எழுதவே கஷ்டமாக இருக்கிறது. ஜனவரி இரண்டாம் தேதி உங்கள் பெயரில் அவளுக்கும் மெயில் போனது. தலையில் 786, ‘ஓர் உதவி வேண்டும், உடனே பதில் போடு.’ வாப்பா எழுதிவிட்டார் என்று அந்தப் பிள்ளை அந்தச் சனிக்கிழமை போனில் அழுதது. நான் யோசிக்கச் சொல்வதற்குள் பதில் போட்டுவிட்டது, இரண்டு பக்கத்துக்கு. குழந்தை பிறந்தது, அதற்கு உங்கள் மூக்கு, எல்லாம். அதற்கு வந்த பதில் என்ன தெரியுமா? ‘நல்லது மகளே. உன் போனுக்கு ஆறு எண் வரும், அதை அனுப்பு.’

மூன்று வருஷத்தில் அவளுக்கு வாப்பா பெயரில் வந்த முதல் கடிதம் திருடன் எழுதியது. அவளை மகளே என்று கூப்பிட்டதும் அவன்தான்.

அதற்குப் பிறகும் அவள் உங்களுக்கு எழுதினாள் பாருங்கள். பழைய முகவரியை நீங்கள் அடைத்துவிட்டதால் புதிதாக ஒன்று திறந்து எழுதினாள். நீங்கள் அதை ஸ்பேமில் தள்ளியது அவளுக்குத் தெரியாது. வாப்பா பார்த்துவிட்டார், யோசிக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பதினைந்தாம் தேதிவரை அதைச் சொல்லலாம்.

சென்னை முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். மைனியிடம் போன் இருந்தால் மைனிக்கே சொல்லியிருப்பேன். மார்ச் எட்டு மறக்காதீர்கள்.

பஸீலா


786

குட்வில் எஸ்டேட், போர்ட் பிளேயர்
8 மார்ச் 2025

ஜஸ்னா என்ற பெயரில் பிப்ரவரி ஆறாம் தேதி மெயில் அனுப்பியவருக்கு அலி அக்பர் எழுதுவது. நலம். நலமறிய ஆசை என்றும் எழுதுவது வழக்கம். ஆள் யார் என்று தெரியாததால் அதை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

மெயிலுக்கு மெயிலில் பதில் போடவில்லை. சந்தேகமானது வந்தால் வந்த வழியிலேயே பதில் போடக் கூடாது, நமக்குத் தெரிந்த வேறு வழியில் விசாரிக்க வேண்டும் என்பது விதி. இந்த முகவரியை எனக்கு நம்பிக்கையான ஒருவர் கொடுத்தார். நம்பிக்கை முன்பு போல் இல்லை, ஆனாலும் அவர் என் தங்கை.

மெயிலை இன்று காலை ஸ்பேமிலிருந்து வெளியே எடுத்து வைத்திருக்கிறேன். அதனால் நம்பிவிட்டேன் என்று அர்த்தமில்லை. கெடு முடிகிறது என்பதால் எடுத்தேன். இணைப்பைத் திறக்கவில்லை.

பிறந்த நாள், படித்த பள்ளிக்கூடம், உம்மாவின் பெயர், இதெல்லாம் இப்போது திருடனுக்கும் தெரியும். ஆகவே ஒரே ஒரு கேள்வி. 2022 பிப்ரவரி 19, மதியம், பாம்பூஃப்ளாட்டில் என் கடைக்கு என் மகள் வந்தாள். அதுதான் நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது. கடையில் வேறு யாரும் இல்லை. அன்று அவள் என் கடையிலிருந்து எடுத்துக்கொண்டு போனது என்ன?

பதில் தாளில், கையெழுத்தில், ஸ்பீடு போஸ்டில் வரவேண்டும். தெரியாவிட்டால் தொந்தரவு வேண்டாம்.

அலி அக்பர்
பாத்திர வியாபாரம்

நிதானமாக யோசித்துப் பதில் எழுது. நானும் நலம். – ஜைனப்


786

லாங் ஐலண்ட்
13 மார்ச் 2025

காக்காவுக்கு ஸலாம்.

இவர் திரும்பி வந்து, “மச்சான் கவரை வாங்கினாரு, பிரிக்காம சட்டைப் பையில வச்சிக்கிட்டாரு, நோன்பு தொறக்கக் கஞ்சி குடுத்து அனுப்பிட்டாரு”ன்னு சொல்கிறார். எட்டாம் தேதியும் போய்விட்டது. திறந்தீர்களா? எடுத்தீர்களா? என்னைத் திட்டுவதாக இருந்தாலும் திட்டி ஒரு வரி போடுங்கள்.

நாளன்றைக்குப் பதினைந்து. அன்று சனிக்கிழமை. நான் ஜெட்டிக்குப் போகவேண்டும். அந்தப் பிள்ளைக்கு நான் என்ன சொல்ல?

பஸீலா


சென்னை
15 மார்ச் 2025

வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் ஜஸ்னாவின் ஸலாம். நாங்கள் சுகம். உங்கள் முழங்கால் வலிப்பதாக பஸீலா மாமி சொன்னார்கள்.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. உறையில் இருந்த கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் வைத்துவிட்டேன். ஏற்கெனவே ஒரு தடவை நம்பி ஏமாந்தவள் இல்லையா? பயமாக இருந்தது. ஈஸ்வரன்தான் பிரித்துக் கொடுத்தார். இரண்டாவது வரி படித்ததுமே சிரிப்பு வந்துவிட்டது. இப்படி எழுத எந்தத் திருடனாலும் முடியாது.

உங்கள் கேள்விக்குப் பதில்.

நான் எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை, வாப்பா. நீங்கள் கொடுத்தீர்கள்.

அன்று உங்களுக்குச் சோறு கொண்டுவந்தேன். தோளில் பெரிய பை. என்ன பை என்று நீங்கள் கேட்கவில்லை. கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டீர்கள். நான் படகுக்குக் கிளம்பும்போது, இரு என்று சொல்லிவிட்டு, மேல் தட்டிலிருந்து ஒரு பால் குக்கரை இறக்கினீர்கள். விசிலை வாயில் வைத்து ஊதிப் பார்த்தீர்கள். பழைய பேப்பரில் சுற்றி நீங்களே என் பைக்குள் வைத்தீர்கள். “மெயின்லேண்டுல கேஸ் அடுப்பு வேகமா எரியும், பால் பொங்கிரும், பார்த்துக்க”ன்னு சொன்னீங்க.

நான் மெயின்லேண்டுக்குப் போகிறேன் என்று உங்களிடம் சொல்லவே இல்லை. படகில் ஏறின பிறகுதான் எனக்கு அது உறைத்தது. சாத்தம் வரைக்கும் அழுதுகொண்டே போனேன். உங்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். அதை யாரிடமும் சொல்லவில்லை, மாமியிடமும்கூட. சொன்னால் உங்களுக்குக் கஷ்டம் என்று விட்டுவிட்டேன்.

இனியாவுக்கு அந்தக் குக்கரில்தான் பால் காய்ச்சுகிறேன். விசில் அடித்தால் கை தட்டும்.

மெயிலில் 786 போடாததைப் பற்றி மாமி இன்று போனில் சொன்னார்கள். முதலில் போட்டேன். பிறகு அழித்தேன். இவளுக்கு இன்னும் என்ன உரிமை என்று நீங்கள் நினைத்துவிடுவீர்களோ என்று. அதோடு, என்னை ஏமாற்றிய மெயிலின் தலையிலும் அது இருந்தது. அதைப் பார்த்தாலே எனக்கு அழுகை வந்தது. இந்தக் கடிதத்திலும் நான் எழுதவில்லை. மேலே இரண்டு விரல் அகலம் இடம் விட்டிருக்கிறேன். உங்களுக்குச் சரி என்று பட்டால் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

27 காலை இறங்குவோம். உங்கள் கையெழுத்து வந்ததே எனக்குப் போதும். நீங்கள் வராவிட்டாலும் இனி எழுதாமல் இருக்கமாட்டேன்.

உங்கள் மகள்
ஜஸ்னா


786

குட்வில் எஸ்டேட்
3 ஏப்ரல் 2025

தங்கச்சி பஸீலாவுக்கும் மாப்பிள்ளை தமீமுக்கும் ஸலாம். பெருநாள் நல்லபடியாகக் கழிந்தது. உங்கள் வீட்டிலும் அப்படியே இருக்கும். முழங்கால் வலி குறைவு, இந்த வாரம் அதை நினைக்க நேரம் இல்லை.

உனக்குப் பதில் எழுதாமல் இருந்தது கோபத்தில்தான். கோபம் உன்மேல் என்று ஆரம்பித்து, போகப் போக யார்மேல் என்று தெரியாமல் போய்விட்டது. சொல்லாமல் கொள்ளாமல் போனாள் என்று மூன்று வருஷமாக ஊர் முழுக்கச் சொன்னேன். ஜைனபிடம் சொன்னேன். உனக்கும் எழுதினேன். அது பொய். அவள் போவது எனக்குத் தெரியும். தடுக்கவும் மனசில்லை, போ என்று சொல்லவும் வாய் வரவில்லை. பால் குக்கர் கொடுத்து அனுப்பினேன். விவரம் பிறகு நேரில் சொல்கிறேன்.

27 அன்று விடியும் முன் நோன்புக்குச் சஹர் சாப்பிட்டதும் ஹேடோவுக்குப் போய்விட்டேன். கப்பல் வந்து நின்றது பத்து மணிக்கு. ஜைனபும் பன்னீர்செல்வமும் கூட வந்தார்கள். ஜஸ்னா இறங்கினாள். மெலிந்திருக்கிறாள். பின்னால் அந்தப் பையன், இரண்டு பெட்டியும் ஒரு தொட்டிலுமாக. அவனைப் பார்த்து ‘ஆதார் கார்டு இருக்கா?’ என்று கேட்டுவிட்டேன். பாவம், பெட்டியைக் கீழே வைத்துவிட்டு உண்மையாகவே எடுத்துக் காட்டினான். பன்னீர்செல்வம், “பாய், இது அசல்தான், நான் கேரண்டி”ன்னு சொல்லிச் சிரித்தார். நானும் கார்டை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். நல்ல பையனாகத்தான் தெரிகிறான். இன்னும் கொஞ்ச நாள் பார்க்கிறேன்.

குழந்தை என்னிடம் வரமாட்டேன் என்று ஒரே அழுகை. தெரியாத ஆளை உடனே நம்பவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மாலை நோன்பு திறந்த பிறகு, அவர்கள் எல்லாரையும் உட்காரவைத்து, அந்த மெயிலைத் திறந்து, இணைப்பை அமுக்கினேன். படம் வந்தது. குழந்தையைப் பக்கத்தில் பிடித்து ஒத்துப் பார்த்தேன். மூக்கு என்னுடையதுதான். குழந்தை எதிரே இருக்க, போனில் படம் பார்த்து அழுகிறீர்களே வாப்பா என்றாள் ஜஸ்னா. ஒன்றரை மாதத்துக்கு முன்பே பார்த்திருக்க வேண்டிய படம், அழாமல் என்ன செய்வது?

அவர்கள் ரங்கத்தில் ஞாயிற்றுக்கிழமை வீடு எடுக்கிறார்கள். உனக்குப் பக்கம். போய்ப் பார். இனி மீன் வாங்கப் போகும்போது மீன் மட்டும் வாங்கினால் போதும்.

அவள் கடிதத்தில் மேலே விட்டிருந்த இடத்தில், கடைப் பேனாவை எடுத்து நானே எழுதினேன்.

துஆவுடன்,
காக்கா அலி அக்பர்

பஸீலா, காகிதத்தில் இடம் இருக்கிறது, இந்தத் தடவை நானும் எழுதுகிறேன். ஸ்பேமில் தள்ளிவிட்டேன், முழுதாகப் படிக்கக்கூட இல்லை என்று உனக்கு எழுதினாரே, அந்த முப்பது நாளும் தினமும் சுபுஹு தொழுதுவிட்டு வந்து அந்தப் பெட்டியைத் திறந்து அந்த மெயிலைப் படித்தார். பக்கத்தில் படுத்திருந்த நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டு. பால் குக்கர் விஷயம் எனக்கு இப்போதுதான் தெரியும். அதை அவரிடம் தனியாகப் பேசிக்கொள்கிறேன்.

மூன்று மாதமாக நீங்கள் அண்ணனும் தங்கையும் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டீர்கள். மெயிலை, படத்தை, கையெழுத்தை, ஒருவரை ஒருவர். ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் நான் ஒரு வரி எழுதினேன். அதை மட்டும் ஒருவரும் சந்தேகப்படவில்லை. அவ்வளவும் பொய். இன்று எழுதுவதுதான் மெய்.

நானும் நலம்.

ஜைனப்